ஆன்டிவைரஸ் கம்பெனி விற்கும் வி.பி.என். வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் சிறிய அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுப்பது என் வேலை. ஆடிட்டர் ஆபீஸ், நூல் ஏஜென்சி, இரண்டு மூன்று எக்ஸ்போர்ட் கம்பெனி. ஆன்டிவைரஸ் சந்தா முடிகிற மாதங்களில் எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விதான்: "திரையில ஒரு பெட்டி வந்து நிக்குதுங்க. உங்க ஐ.பி. வெளிய தெரியுது, வி.பி.என். போட்டுக்கங்கன்னு சொல்லுது. பணம் கட்டிடட்டுங்களா?"

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். உதாரணத்துக்கு அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் கம்பெனியின் செக்யூர்லைன் வி.பி.என்.ஐ அதிகம் எடுத்துக்கொள்கிறேன். நான் பார்க்கும் கம்ப்யூட்டர்களில் அவாஸ்ட் நிறைய இருக்கிறது. அந்தக் கம்பெனியின் கடந்த காலமும் அரசு ஆவணங்களில் பதிவாகி, யாரும் படிக்கும்படி இருக்கிறது.

வி.பி.என். போட்டால் உண்மையில் என்ன நடக்கிறது?

உங்கள் கம்ப்யூட்டருக்கும் வி.பி.என். கம்பெனியின் சர்வருக்கும் நடுவே பூட்டிய குழாய் ஒன்று போடப்படுகிறது. உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் அதற்குள் போய், அந்த சர்வரிலிருந்து வெளியே வருகிறது. ஜியோவோ ஏர்டெல்லோ பி.எஸ்.என்.எல்.லோ, உங்களுக்கு இணைப்புத் தரும் கம்பெனிக்கு நீங்கள் அந்த ஒரு சர்வரோடு பேசுவது மட்டும் தெரியும். நீங்கள் போகும் தளத்துக்கு உங்கள் ஐ.பி.க்கு (இணையத்தில் உங்கள் இணைப்பின் முகவரி எண்) பதிலாக அந்த சர்வரின் ஐ.பி. தெரியும்.

இதுவரை இணைப்புக் கம்பெனி பார்த்துக்கொண்டிருந்ததை இனி வி.பி.என். கம்பெனி பார்க்கும். இந்த இடமாற்றத்துக்குத்தான் பணம் கட்டுகிறோம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, புதிதாகப் பார்க்கப்போகிறவர் யார் என்பது. வேகமும் நாடுகளின் எண்ணிக்கையும் அதற்கு அப்புறம்.

ஜிமெயிலில் நுழைந்துவிட்டால் வி.பி.என். இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூகுளுக்கு உங்களைத் தெரியும். வைரஸையும் வி.பி.என். தடுக்காது. போலி லிங்கை அழுத்தினால் பூட்டிய குழாய் வழியாகவே வைரஸ் வந்து இறங்கும்.

பொது வைஃபையில் பாஸ்வேர்டு போய்விடும் என்று பயமுறுத்துகிறார்களே?

ஒரு காலத்தில் அது நிஜம். இன்று பேங்க், மெயில், ஷாப்பிங் தளங்கள் எல்லாமே பூட்டுக்குறி உள்ள இணைப்பில்தான் திறக்கின்றன. ரயில் நிலைய வைஃபையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை ஊகிக்கலாம், உள்ளே தட்டும் பாஸ்வேர்டைப் படிக்க முடியாது. அடிக்கடி ஓட்டலிலும் விமான நிலையத்திலும் வேலை செய்கிறவருக்கு வி.பி.என்.னால் கொஞ்சம் நன்மை உண்டு. வீட்டு ஃபைபர் இணைப்பிலேயே இருப்பவருக்கு அந்த விளம்பரம் பொருந்தாது.

எல்லா ஆன்டிவைரஸ் கம்பெனியும் ஏன் வி.பி.என். விற்கிறது?

2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து ஆன்டிவைரஸ் விண்டோஸிலேயே இலவசமாகக் கூட வருகிறது. காசு கொடுத்து வாங்க மக்களுக்கு வேறு காரணம் வேண்டியிருந்தது. பாஸ்வேர்டு மேலாளர், கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் மென்பொருள், வி.பி.என். எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. அதனாலேயே பொருள் மட்டமாகிவிடாது. ஆனால் பெட்டிக்குள் போட்டுத் தரும் இலவசப் பொருளைப் பலர் ஆராய்வதே இல்லை.

ஆன்டிவைரஸையும் வி.பி.என்.ஐயும் ஒரே கம்பெனியிடம் வாங்கினால் என்ன தப்பு?

இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். நான் அலுவலகங்களில் செய்து காட்டுவதை நீங்களும் செய்து பாருங்கள். அவாஸ்டின் வெப் ஷீல்டு (இணையப் பக்கங்களைச் சோதிக்கும் பகுதி) ஓடும் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து ஏதாவது ஒரு செய்தித் தளத்துக்குப் போங்கள். முகவரிக்குப் பக்கத்தில் உள்ள குறியை அழுத்தி, தளம் அசல்தான் என்று உறுதி சொல்லும் சான்றிதழின் விவரத்தைத் திறங்கள். சான்றிதழைக் கொடுத்தவர் பெயர் வர வேண்டிய இடத்தில், அந்தத் தளத்துக்கு உண்மையிலேயே சான்றிதழ் கொடுத்த அமைப்பின் பெயருக்குப் பதிலாக அவாஸ்ட் வெப் மெயில் ஷீல்டு என்று இருப்பதைப் பல தளங்களில் பார்ப்பீர்கள்.

இதன் பொருள்: பூட்டிய இணைப்பை ஆன்டிவைரஸ் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே திறந்து, உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று பார்த்து, தன் பூட்டைப் போட்டு பிரவுசரிடம் கொடுக்கிறது. அவாஸ்ட் மட்டும் இப்படிச் செய்வதில்லை, காஸ்பர்ஸ்கியும் இன்னும் சில கம்பெனிகளும் செய்கின்றன. வைரஸைப் பிடிக்க இது உதவும் என்பதும் உண்மைதான்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வி.பி.என். மட்டும் தருகிற ஒரு கம்பெனிக்கு நீங்கள் போகும் தளத்தின் பெயர் தெரியும், பக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆன்டிவைரஸோ கம்ப்யூட்டருக்குள்ளேயே எல்லா உரிமையோடும் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒருவர் கையில் போனால் வீட்டுச் சாவியையும் தெருமுனைச் சாவடியையும் ஒருவரிடமே ஒப்படைத்த மாதிரி. அவர் நல்லவராக இருக்கலாம். அதனால்தான் சாவி ஏற்கெனவே கையில் இருந்தபோது அவர் என்ன செய்தார் என்று விசாரிக்கச் சொல்கிறேன்.

அவாஸ்ட் விஷயத்தில் என்னதான் நடந்தது?

அவாஸ்டுக்கு ஜம்ப்ஷாட் என்று ஒரு துணைக் கம்பெனி இருந்தது. ஆன்டிவைரஸும் அதன் பிரவுசர் நீட்சிகளும் (பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் சின்ன மென்பொருள்கள்) பயனர்கள் எந்தப் பக்கத்துக்குப் போனார்கள், எதைத் தேடினார்கள் என்று திரட்டிய தகவல் ஜம்ப்ஷாட்டுக்குப் போனது. அது அந்தத் தகவலை விற்றது. 2019 கடைசியில் ஃபயர்பாக்ஸ் பிரவுசரைத் தரும் மொசில்லா, தன் நீட்சிக் கடையிலிருந்து அவாஸ்டின் நீட்சிகளை எடுத்தது. 2020 ஜனவரியில் இரண்டு அமெரிக்கப் பத்திரிகைகள் சேர்ந்து விற்பனை விவரங்களை வெளியிட்டன. சில நாட்களிலேயே ஜம்ப்ஷாட்டை மூடுவதாக அவாஸ்ட் அறிவித்தது.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தன் குற்றச்சாட்டை வெளியிட்டது. 2014 முதலே திரட்டிய தகவல், வாங்கியவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் என்று அதில் இருக்கிறது. அவாஸ்ட் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. விளம்பரத்துக்காக பிரவுசிங் தகவலை விற்கவும் அதற்குத் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் அதன் சொந்த நாடான செக் குடியரசின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் 35 கோடியே 10 லட்சம் செக் கொருனா அபராதம் விதித்தது.

அந்த மென்பொருளை உங்களைப் பிறர் பின்தொடராமல் காக்கும் பொருள் என்றுதான் விற்றார்கள். என் மனதை அதிகம் உறுத்துவது அதுதான். இதே பெயரை நம்பி எத்தனை கம்ப்யூட்டரில் நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன்! மருத்துவ வலைப்பக்கம் படித்தவர், கடன் தேடியவர், வேலை மாற நினைத்தவர் என்று எல்லோரும் அதில் இருந்திருப்பார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குற்றச்சாட்டு ஆன்டிவைரஸையும் நீட்சிகளையும் பற்றியது. செக்யூர்லைன் வி.பி.என். வழியாகப் போன தகவலை விற்றார்கள் என்று நான் சொல்லவில்லை.

அப்படியானால் அவாஸ்டை விட்டுவிட்டு நார்ட்டன் வாங்கிக்கொள்ளலாமா?

வாங்குவதற்கு முன்னால் உரிமையாளர் யார் என்று பாருங்கள். அவாஸ்ட் 2016இல் ஏவிஜி என்ற இன்னொரு ஆன்டிவைரஸ் கம்பெனியை வாங்கியது. நார்ட்டன் கம்பெனி 2021 தொடக்கத்தில் அவிரா என்ற ஆன்டிவைரஸ் கம்பெனியை வாங்கியது. 2022 செப்டம்பரில் நார்ட்டனும் அவாஸ்டும் இணைந்தன. அந்தக் கூட்டுக் கம்பெனியின் பெயர் ஜென் டிஜிட்டல். செக்யூர்லைன், ஏவிஜி செக்யூர் வி.பி.என்., நார்ட்டன் வி.பி.என்., அவிரா பான்டம் வி.பி.என்., ஹைட்மைஆஸ் எல்லாம் இன்று ஒரே கூரையின் கீழ் வருகின்றன. கடையில் ஐந்து டப்பா வேறு வேறு நிறத்தில் இருந்தாலும் மொத்த வியாபாரி ஒருவரே.

இணைப்புக்குப் பிறகு நிர்வாகம் மாறியிருக்கிறது, மேலே சொன்ன தடை உத்தரவும் இருக்கிறது. அது ஒரு பாதுகாப்பு. என்றாலும் "அந்தக் கம்பெனி வேண்டாம், இது கொடுங்க" என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வருவதில்லை.

சர்வர்கள் யாருடையவை என்றும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். சில ஆன்டிவைரஸ் கம்பெனிகள் தங்கள் பெயரை ஒட்டி வேறொருவரின் சேவையை விற்கின்றன. பிட்டிஃபெண்டரும் காஸ்பர்ஸ்கியும் வி.பி.என்.னுக்கு நீண்ட காலமாக ஹாட்ஸ்பாட் ஷீல்டு கம்பெனியின் கட்டமைப்பைத்தான் நம்பியிருந்தன. அங்கே, உங்கள் தகவலை என்ன செய்வார்கள் என்று சொல்லும் கொள்கைப் பக்கத்தை ஒன்றுக்கு இரண்டாகப் படிக்க வேண்டும். மெக்கஃபி 2018இல் டனல்பேர் என்ற வி.பி.என். கம்பெனியையே வாங்கிவிட்டது.

நாடும் முக்கியம். 2019இல் ரஷ்ய அரசு, தான் தடை செய்த தளங்களின் பட்டியலோடு இணையும்படி பத்து வி.பி.என். கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்பியது. அதற்கு உட்பட்டது காஸ்பர்ஸ்கி. தன் நாட்டுச் சட்டத்துக்கு அது கீழ்ப்படிந்தது, அவ்வளவுதான். தாய்நாட்டு அரசு கேட்டால் எந்தக் கம்பெனியும் எந்த அளவுக்கு மறுக்கும் என்பதற்கு அது ஒரு கணக்கு.

"நாங்கள் எதையும் பதிவு செய்வதில்லை" என்கிறார்களே, நம்பலாமா?

முகப்புப் பக்கத்தில் இருக்கும் வாசகத்தை விட்டுவிட்டு வி.பி.என்.னுக்கென்று இருக்கும் தனிக் கொள்கைப் பக்கத்தைப் படியுங்கள். நான் படித்த பதிப்பில், போகும் தளங்களைப் பதிவு செய்வதில்லை என்று செக்யூர்லைன் சொல்லியிருந்தது. ஆனால் இணைந்த நேரம், உங்கள் ஐ.பி.யின் ஒரு பகுதி, எந்த சர்வர், எவ்வளவு டேட்டா ஆகியவை 35 நாள் வைத்திருக்கப்படும் என்றும் இருந்தது. இவற்றை வைத்து நீங்கள் என்ன படித்தீர்கள் என்று சொல்ல முடியாது. எப்போது, ஏறக்குறைய எங்கிருந்து வந்தீர்கள் என்று சொல்லிவிடலாம்.

இது கற்பனையான கவலை இல்லை. 2011இல் சோனி பிக்சர்ஸ் தளத்தில் ஊடுருவியவர்களில் ஒருவர் ஹைட்மைஆஸ் வழியாக வந்திருந்தார். பிரிட்டன் நீதிமன்ற உத்தரவின்படி அந்தக் கம்பெனி தன்னிடமிருந்த இணைப்புப் பதிவுகளைக் கொடுத்தது, அவர் சிக்கினார். குற்றவாளி பிடிபட்டது சரிதான். "அநாமதேயம்" என்று விற்ற சேவையில் பதிவு இருந்தது என்பதை அன்றுதான் பலர் தெரிந்துகொண்டார்கள். அந்தச் சேவைதான் பிற்பாடு ஏவிஜி கைக்கும், அங்கிருந்து அவாஸ்ட் கைக்கும் போனது.

வெளியார் தணிக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள். டனல்பேர் 2017 முதல் க்யூர்53 என்ற ஜெர்மன் நிறுவனத்தைக் கொண்டு சோதித்து, அறிக்கையை வெளியிட்டு வருகிறது. தணிக்கை என்பது ஒரு தேதியில் எடுத்த படம். இருந்தாலும், அதுகூட இல்லாத சேவைக்கு நான் பணம் கட்டச் சொல்வதில்லை.

இந்தியாவில் வி.பி.என். சட்டப்படி சரியா?

சாதாரணமாகப் பயன்படுத்துவது குற்றமில்லை. ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் அவ்வப்போது தடை உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) பிறப்பித்த ஆணையின்படி, வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கிய ஐ.பி., பயன்படுத்தும் நோக்கம் முதலியவற்றை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். அலுவலகங்கள் தங்கள் ஊழியர்களுக்காக நடத்தும் வி.பி.என்.னுக்கு அது பொருந்தாது. அந்த ஆணை அமலுக்கு வருவதற்குள் எக்ஸ்பிரஸ்வி.பி.என்., நார்டுவி.பி.என்., சர்ஃப்ஷார்க், ப்ரோட்டான் ஆகியவை இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. சில கம்பெனிகள் இந்திய ஐ.பி. கொடுக்கும் சர்வரைச் சிங்கப்பூரிலோ லண்டனிலோ வைத்து நடத்துகின்றன. ஆகவே பட்டியலில் "இந்தியா" என்று இருந்தால், அந்த இயந்திரம் எந்த நாட்டில் இருக்கிறது என்று கம்பெனியிடம் எழுதிக் கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

வாங்கியபின் நானே எப்படிச் சோதிப்பது?

அரை மணி நேரம் போதும். முதலில் வி.பி.என்.ஐ அணைத்துவிட்டு, ஐ.பி. காட்டும் தளம் ஒன்றைத் திறந்து, காட்டும் எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு எண் வரலாம். ஒன்று புள்ளி வைத்த சின்ன எண், அது ஐ.பி.யின் நான்காம் பதிப்பு. இன்னொன்று முக்காற்புள்ளிகள் வைத்த நீள எண், ஆறாம் பதிப்பு. வி.பி.என்.ஐப் போட்டு மறுபடி பாருங்கள். இரண்டும் மாறியிருக்க வேண்டும், அல்லது நீள எண் காணாமல் போயிருக்க வேண்டும். சின்ன எண் மாறி, நீள எண் பழையபடியே நின்றால் ஒழுகுகிறது என்று அர்த்தம். நம் நாட்டில் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஜியோ மொபைல் இணைப்பு பெரும்பாலும் ஆறாம் பதிப்பில்தான் ஓடுகிறது. வீட்டு வைஃபையில் தேறிய வி.பி.என். ஜியோ ஹாட்ஸ்பாட்டில் ஒழுகுவதை நான் பார்த்திருக்கிறேன். எனவே இரண்டிலும் சோதியுங்கள்.

அடுத்தது டி.என்.எஸ். தளத்தின் பெயரை ஐ.பி. எண்ணாக மாற்றித் தரும் வேலையை யார் செய்கிறார் என்று காட்டும் சோதனைத் தளங்கள் உண்டு. அங்கே உங்கள் இணைப்புக் கம்பெனியின் பெயர் வந்தால், நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று அவர்களுக்கு இன்னும் தெரிகிறது.

கடைசியாக, கில் சுவிட்ச். வி.பி.என். அறுந்தால் இணையத்தையே நிறுத்திவிட வேண்டிய ஏற்பாடு அது. பல மென்பொருள்களில் அணைந்த நிலையில்தான் வரும், நீங்கள்தான் அமைப்புகளில் போய்ப் போட வேண்டும். ஒரு பெரிய ஃபைலை இறக்கிக்கொண்டே ரவுட்டரின் சுவிட்சை அணைத்துப் போடுங்கள். இணைப்பு திரும்பும் அந்த ஐந்தாறு வினாடியில் வி.பி.என். இன்னும் சேராதபோதே இறக்கம் தொடர்ந்தால், கில் சுவிட்ச் பெயரளவுக்குத்தான்.

வேகம் குறையுமா?

குறையும். வயர்கார்டு என்ற நெறிமுறை (குழாய் போடும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், பழைய ஓப்பன்வி.பி.என்.னைவிட இலகுவானது. பக்கத்து நாட்டு சர்வரையே எடுங்கள். சிங்கப்பூர் போதும் என்கிற வேலைக்கு நியூயார்க் வேண்டாம்.

பேங்க், வரி தளங்கள் திறக்க மாட்டேன் என்கின்றனவே?

வெளிநாட்டு ஐ.பி.யிலிருந்து வருகிறவர்களைப் பல பேங்குகளும் அரசுத் தளங்களும் உள்ளே விடுவதில்லை. ஒரு ஆடிட்டர் ஆபீஸில் நடந்தது: மாதம் 20ஆம் தேதி, ஜி.எஸ்.டி. கட்ட வேண்டிய கடைசி நாள். மாலை நான்கு மணிக்குப் பேங்க் தளம் "அணுகல் மறுக்கப்பட்டது" என்று நின்றுவிட்டது. இரண்டு பேர் மாறி மாறிப் பாஸ்வேர்டு போட்டதில் கணக்கும் முடங்கியது. நான் போய்ப் பார்த்தபோது, ஆன்டிவைரஸோடு வந்த வி.பி.என். தானாகவே இணையும்படி அமைந்திருந்தது. டாஸ்க்பாரில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சைக் குறி, யாரும் கவனிக்கவில்லை. அதை அணைக்க ஒரு நிமிடம் ஆனது, முடங்கிய கணக்கைத் திறக்க மறுநாள் மதியம். அபராதமும் வட்டியும் அந்த ஆபீஸின் வாடிக்கையாளர் தலையில் விழுந்தது.

பில்லிங், பேங்க் வேலை செய்யும் கம்ப்யூட்டரில் தானியங்கி இணைப்பை அணைத்து வையுங்கள். குறிப்பிட்ட மென்பொருளை மட்டும் வி.பி.என்.னுக்கு வெளியே விடும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

துபாயில் இருக்கும் தம்பி, வீட்டுக்கு வீடியோ கால் பேச வி.பி.என். கேட்கிறான். போட்டுக் கொடுக்கலாமா?

வாட்ஸ்அப் காலை அங்கே தடுத்து வைத்திருப்பதால் இந்தக் கேள்வி நிறைய வருகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 34ஆம் எண் சட்டம், குற்றம் செய்யும் நோக்கில் ஐ.பி.யை மறைப்பதற்குச் சிறையும் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. தடுத்த சேவையைப் பயன்படுத்துவதே குற்றமாகப் பார்க்கப்படும் ஆபத்து உண்டு. வீட்டாரோடு பேச நினைப்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் மாதச் சம்பளத்துக்குப் போன பையனை அந்த ஆபத்தில் தள்ள நான் உடன்பட மாட்டேன். அங்கே அனுமதி பெற்ற கால் செயலிகள் இருக்கின்றன. அவற்றை இரண்டு பக்கமும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இலவசமாகவே தருகிறார்களே?

பிட்டிஃபெண்டரின் இலவச அளவு நீண்ட காலம் நாளைக்கு 200 எம்.பி.யாக இருந்தது. கால் மணி நேர வீடியோவுக்குள் தீர்ந்துவிடும், மெயில் பார்க்க ஆகும். வாங்குவதற்கு முன் மேலே சொன்ன சோதனைகளைச் செய்து பார்க்க இதுவே போதும்.

யாரென்றே தெரியாத இலவச வி.பி.என்.கள் பக்கம் போகாதீர்கள். பெயர் தெரிந்தவர்களே என்ன செய்தார்கள் என்று பாருங்கள்: ஓனாவோ என்ற இலவச வி.பி.என்.ஐ 2013இல் ஃபேஸ்புக் வாங்கி, மக்கள் எந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று அதன் வழியாகக் கவனித்தது. 2018இல் அது ஆப்பிள் கடையிலிருந்து வெளியேற வேண்டியிருந்தது.

முதல் வருடம் மலிவு, அடுத்த வருடம் மூன்று மடங்கு பிடித்தார்களே?

முதல் ஆண்டு விலை பெரிய எழுத்தில் இருக்கும், புதுப்பிப்பு விலை சின்ன எழுத்தில் இருக்கும். வாங்கும்போதே இரண்டாவதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்குத் தகவல் வந்துசேர வேண்டும். ஆனால் 15,000 ரூபாய் வரையிலான புதுப்பிப்புக்கு ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள். அந்தக் குறுஞ்செய்தியைக் கவனிக்காமல் விட்டால் பணம் போய்விடும். பணம் கட்டிய அன்றே கணக்குப் பக்கத்தில் போய்த் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுவது என் வழக்கம். நிறுத்தினாலும் கட்டிய காலம் முழுக்க ஓடும்.

சரி, யாருக்கு வாங்கச் சொல்வீர்கள்?

ஏற்கெனவே ஆன்டிவைரஸ் தொகுப்பு வாங்கியவர், வி.பி.என். அதிலேயே சேர்ந்து வருகிறது, பயணத்தில் ஓட்டல் வைஃபைக்கு மட்டும் வேண்டும் என்றால் அதையே பயன்படுத்தட்டும். அதற்கென்று தனியாகச் செலவழிக்க வேண்டாம்.

பத்திரிகையாளர், வழக்கறிஞர், தொழிற்சங்கக்காரர், புகார் கொடுக்கப்போகும் ஊழியர் போன்று யாரிடமிருந்தாவது உண்மையிலேயே மறைய வேண்டியவர்கள் ஆன்டிவைரஸ் டப்பாவில் வரும் வி.பி.என்.ஐ நம்பி இறங்க வேண்டாம். வி.பி.என். மட்டுமே தொழிலாக உள்ள, தணிக்கை அறிக்கை வெளியிடும், மென்பொருளின் மூல நிரலைத் திறந்து வைத்திருக்கும் சேவையைத் தேடுங்கள். ஆன்டிவைரஸுக்கு விண்டோஸோடு வருவதே போதும். சாவி ஓரிடம், சாவடி வேறிடம் என்று இருக்கட்டும்.

மூன்று வருடத்துக்குக் கட்டிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

கட்டிய தேதியைப் பாருங்கள். அவாஸ்டில் 30 நாளுக்குள்ளும், நார்ட்டனின் ஆண்டுச் சந்தாவில் 60 நாளுக்குள்ளும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நாள் கடந்துவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவாஸ்டின் அமைப்புகளில் பொது என்ற பிரிவில் தனியுரிமைப் பக்கத்தைத் திறந்து, தகவலைப் பகிர அனுமதிக்கும் டிக்குகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். பிரவுசரில் அதன் நீட்சி ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் நீக்குங்கள். பெரிய அப்டேட் வந்த பிறகு இன்னொரு முறை அதே பக்கத்தைத் திறந்து, டிக் திரும்ப விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.